சொல்லிவைத்துச் செய்யும் வீணை: மரம், கம்பி, மேளம்

திருக்காட்டுப்பள்ளியில் இருப்பவர்களுக்கு வீணை வாங்க வெளியூர் அலைச்சல் கிடையாது. பஸ் ஏறினால் தஞ்சாவூர். பட்டறையில் உட்கார்ந்து மரத்தைத் தொட்டுப் பார்த்து, இப்படி வேண்டும், அப்படி வேண்டாம் என்று சொல்லிச் செய்துகொள்ளலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வீணை அது. இருந்தும் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் கடையில் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து வாங்கி வருகிறார்கள். பிறகு திருவையாறு இசைக் கல்லூரியிலோ வீட்டிலோ ஆசிரியர் முன் உட்காரும்போதுதான் சுருதிக்குக் கம்பி இறுகுவதும், மேளம் பேசாததும் தெரியவருகிறது.

இந்த அத்தியாயம், சொல்லிவைத்துச் செய்யப்போகிறவருக்கு. முதலில் சுருதி, அடுத்து உடல், அதற்கடுத்து மரம், பிறகு கம்பி, மேளம், கடைசியில் அலங்காரம் என்ற வரிசையில் முடிவெடுங்கள். பெரும்பாலோர் யாளி முகத்திலும் நகாசிலும் தொடங்கிச் சுருதியில் முடிக்கிறார்கள். வீணை கெடுவது அங்கேதான்.

பட்டறைக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய பெயர்கள்

அடியில் உருண்டையாக இருப்பது குடம். அதிலிருந்து நீளும் கழுத்து தண்டி. அதன் நுனியில் யாளி. யாளிக்குக் கீழே தாங்கலாக இருப்பது சுரைக்காய். குடத்தின் மேல்பலகையில் நிற்பது குதிரை. கம்பியை முறுக்குவது பிரடை. குடத்துப் பக்கம் கம்பியைப் பிடித்திருப்பது நாகபாசம். அதை ஒட்டிக் கம்பியில் இருக்கும் லங்கரை நகர்த்தித்தான் நுண்ணிய சுருதி சேர்ப்பார்கள். தண்டியின் மேல் மெழுகில் பதிந்திருப்பவை 24 மெட்டுகள். அந்த மெட்டு வரிசை முழுவதற்கும் மேளம் என்று பெயர். இப்படி 24 மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் முறையை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு சேர்த்துச் சொல்வார்கள். இவ்வளவு தெரிந்தால் ஆசாரியோடு பேசலாம்.

முதல் வேலை: சுருதியை முடிவுசெய்தல்

1. யாருக்காக இந்த வீணை? தனியாக வாசிக்கவா, பாட்டுக்கு ஒத்து வாசிக்கவா, பாடிக்கொண்டே வாசிக்கவா? முதலில் இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆசிரியரைக் கேட்டுக் கட்டையை, அதாவது சுருதியின் அளவை, உறுதிசெய்யுங்கள். தனி வாசிப்புக்குப் பொதுவாக 2½ முதல் 4 கட்டைக்குள் வைப்பார்கள். பெண் குரலோடு 5, 5½ கட்டையில் சேர்ந்து வாசிக்கவேண்டும் என்றால் அது வேறு வீணை, வேறு கம்பி. அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

3. "எல்லாச் சுருதிக்கும் ஆகும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இதற்கு ஒரு கணக்கு போதும். அதே கம்பியை ஒரு மெட்டளவு சுருதி ஏற்றினால் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடும். இரண்டு மெட்டளவு ஏற்றினால் 26 சதவீதம். 3 கட்டைக்குக் கட்டிய கம்பியை அப்படியே 5½க்கு ஏற்றினால் நான்கு மெட்டளவு. இழுவிசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அந்த இழுப்பில் ஒரு பங்கைக் குதிரை, மேல்பலகையின் தலையில் இறக்குகிறது. கம்பி அறுந்தால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். மேல்பலகை அமுங்கினால் பட்டறைக்குத்தான் தூக்கவேண்டும்.

உடல் அளவு: உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள்

வீணையின் நீளம் சுமார் நான்கு அடி. குடத்தின் அகலம் பதினான்கு, பதினைந்து அங்குலத்தை ஒட்டி இருக்கும். பட்டறையில் இருக்கும் ஏதாவது ஒரு வீணையை வாங்கித் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். குடம் வலப்பக்கம் தரையில் இருக்கட்டும். சுரைக்காய் இடது தொடையில் அமரட்டும். யாளிக்கு அருகில் உள்ள முதல் மெட்டை இடக்கை தொடும்போது தோள் முன்னால் இழுபடக்கூடாது. இழுபட்டால் தண்டி உங்களுக்கு நீளம். பத்து வயதுப் பிள்ளைக்கு "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிய வீணை வாங்காதீர்கள். சட்டைக்கு அந்தக் கணக்கு ஒத்துவரலாம். வீணையில் முதுகு கோணிப் பழகிவிட்டால் பிறகு நிமிர்த்துவது கடினம்.

சுரைக்காய் இப்போது பெரும்பாலும் காகிதக் கூழிலோ ஃபைபரிலோ வருகிறது. நாதத்தில் அதன் பங்கு சிறியது. உறுதியாகவும் எடை குறைவாகவும் இருந்தால் போதும்; இதில் பணத்தைப் போடவேண்டாம்.

ஒட்டு வீணையா, ஏகாந்த வீணையா?

குடம், தண்டி, யாளி மூன்றையும் தனித்தனியாகக் குடைந்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. இரண்டிலும் மேல்பலகை தனிப் பலகைதான். ஏகாந்தத்துக்கு நாதம் கூடுதலாக நிற்கும் என்று வித்வான்கள் பலர் கருதுகிறார்கள். விலையும் கூடுதல், மரம் கிடைக்கக் காத்திருக்கும் காலமும் கூடுதல்.

என் கருத்து: கற்றுக்கொள்கிறவருக்கு, நன்றாக உலர்ந்த மரத்தில் செய்த ஒட்டு வீணை போதும். பச்சை மரத்தில் அவசரமாகக் குடைந்த ஏகாந்தத்தைவிட அது பல மடங்கு மேல். ஒட்டு வீணையில் பார்க்கவேண்டியது ஓர் இடம்தான், குடமும் தண்டியும் சேரும் இணைப்பு. பாலிஷ் ஏறுமுன் அந்த இணைப்பின்மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டக்கூடாது. மரத்தூளும் பசையும் அடைத்து மறைத்திருந்தால் வேறு வீணையைக் காட்டச் சொல்லுங்கள்.

மரம்: பலாவைத் தேர்ந்தெடுக்கும் முறை

தஞ்சாவூர் வீணைக்குப் பலா. அதிகம் வருவது பண்ருட்டிப் பக்கத்திலிருந்து. பலா கனமும் இல்லை, லேசும் இல்லை. குடைவதற்கு உளிக்கு இணங்கும், குடைந்தபின் உருக்குலையாது. வைரம் பாய்ந்த பலாவைக் கறையான் எளிதில் தொடாது. சீவும்போது உதிரும் சீவல் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். அந்தச் சீவலைக் கொதிக்கவைத்துத்தான் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் ஏற்றினார்கள். வெளிச்சம் படப்பட மஞ்சள் தேன் நிறமாகி, ஆண்டுகள் போனால் பழுப்பாகிவிடும். ஆகவே புதிய மரம் மஞ்சளாக இருக்கிறதே என்று தயங்கவேண்டாம்.

பட்டறையில் மரத்தைப் பார்க்கும் வரிசை:

1. வெள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையை அடுத்த வெளிறிய பகுதியை வெள்ளை என்பார்கள். பூச்சி முதலில் ஏறுவது அங்கே. குடத்தின் விளிம்பில்கூட வெள்ளை இருக்கக்கூடாது.

2. ரேகையைத் தொடர்ந்து போங்கள். தண்டியின் நீளத்தில் ரேகை ஓரளவு நேராக ஓடவேண்டும். ரேகை குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் கம்பியின் இழுப்பில் தண்டி நாளாவட்டத்தில் வளையும். குடத்தில் ரேகை சுழித்திருந்தால் கவலையில்லை.

3. முடிச்சு. தண்டியில் முடிச்சு வேண்டாம். மேல்பலகையில் கூடவே கூடாது.

4. தட்டிப் பாருங்கள். குடைந்து வைத்திருக்கும் குடத்தை விளிம்பில் தளர்வாகப் பிடித்து, அடிப்பகுதியில் விரல் முட்டியால் தட்டுங்கள். ஒலி சற்று நேரம் நின்று அடங்கவேண்டும். 'தொப்'பென்று உடனே செத்தால் மரம் இன்னும் ஈரமாக இருக்கலாம், அல்லது உள்ளே தடிமன் மிஞ்சியிருக்கலாம். விரிசல் இருந்தால் கரகரவென்று இரண்டு ஒலியாகப் பிரியும்.

5. உலர்ந்துவிட்டதா? ஈரமானி இருந்தால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முரட்டாகக் குடைந்து நிழலில் எவ்வளவு நாள் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். நல்ல பட்டறையில் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

வீட்டுக் கொல்லைப் பலாவை வெட்டி வீணை செய்யலாமா?

டெல்டாவில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட மரங்களை என்ன செய்வது என்று தெரியாமல் விறகுக்கு விட்டவர்கள் ஏராளம். செய்யலாம். ஆனால் பொறுமை வேண்டும்.

1. மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து பாருங்கள். ஐந்து அடிக்குக் குறைவென்றால் ஏகாந்தத்தை மறந்துவிடுங்கள். ஒட்டு வீணைக்குத் தண்டியாவது கிடைக்கும்.

2. நிற்கும் மரமென்றால் வெட்டுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றிச் செல்லும்போது தாள் கேட்டால் கையில் இருக்கவேண்டும்.

3. அறுத்த அன்றே இரண்டு முனைகளிலும் பழைய பெயின்டையோ உருக்கிய மெழுகையோ தடிமனாகப் பூசுங்கள். பலர் விடும் தவறு இதில்தான். முனை வழியாக ஈரம் வேகமாக ஓடினால் மரம் முனையிலிருந்து வெடித்துக்கொண்டே வரும்.

4. மரத்தின் நடு நெஞ்சு குடத்துக்குள் வராதபடி பிளக்கச் சொல்லுங்கள். நெஞ்சைச் சுற்றித்தான் விரிசல் பிறக்கும்.

5. செங்கல் வைத்துத் தூக்கி, நிழலில், காற்றோட்டமாக அடுக்குங்கள். களத்தில் வெயிலில் போடவேண்டாம். அதே மரத்தில் ஒரு சிறு துண்டை எடுத்து மாதம் ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதிவாருங்கள். எடை இறங்குவது நின்றால் அந்தத் துண்டு உலர்ந்துவிட்டது. பெரிய கட்டைக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

6. ஆசாரியைக் கூட்டிவந்து மரத்தைக் காட்டிய பிறகே வண்டி பேசுங்கள்.

எச்சரிக்கை: பலாத் தூள் சிலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் தரும். அறுக்கும் இடத்தில் நின்றால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

மேல்பலகையும் குதிரையும்

மேல்பலகை மெலிந்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும், ஆனால் குதிரையின் அடியில் குழி விழும். தடித்தால் பல வருஷம் தாங்கும், நாதம் உள்ளேயே முணுமுணுக்கும். எத்தனை மி.மீ. என்று நீங்கள் சொல்லாதீர்கள். அது ஆசாரியின் கைக்கணக்கு. நீங்கள் சொல்லவேண்டியது கட்டையும், எவ்வளவு அழுத்தி மீட்டுவீர்கள் என்பதும்.

குதிரையின் மேல் உலோகத் தகடு இருக்கும். கம்பி இருக்கும் இடத்தில் அந்தத் தகட்டுக்கு மிக மெல்லிய வளைவு உண்டு. வளைவு சரியாக இருந்தால் ஒலியில் ஒரு நீட்சி வரும். தட்டையாகப் போனால் கம்பி இரையும். சாரணியை மீட்டி, ஒலி அடங்கும்வரை காதைக் குடத்தருகே வையுங்கள். கடைசியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்டால், "தகட்டைக் கொஞ்சம் ராவிக் கொடுங்கண்ணே" என்று அப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து நீங்களே அரம் போடாதீர்கள்.

பிக்கப் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஒட்டும் வகைப் பிக்கப்புக்குக் குதிரையின் அருகே இடம் விட்டுத் தருவார்கள். பின்னாளில் குடத்தில் துளை போடுவது எந்த வீணைக்கும் நல்லதல்ல.

கம்பிகள்

மொத்தம் ஏழு. மெட்டுகளின் மேல் ஓடுபவை நான்கு: சாரணி (ஸட்ஜம்), பஞ்சமம் (அதற்குக் கீழ்ப் பஞ்சமம்), மந்தரம் (கீழ் ஸட்ஜம்), அனுமந்தரம் (அதற்கும் கீழ்ப் பஞ்சமம்). பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று: பக்கசாரணி, பக்கபஞ்சமம், ஹெச்சுசாரணி.

பழைய வழக்கப்படி சாரணிக்கும் பஞ்சமத்துக்கும் எஃகு, கீழ்க்கம்பிகள் இரண்டுக்கும் பித்தளை. இப்போது கீழ்க்கம்பிகளுக்குக் கிடார் கம்பி மாதிரி சுற்றுக் கம்பி போடுகிறவர்கள் அதிகம். சுற்றுக் கம்பியில் அனுமந்தரம் கணீரென்று எழும், அறுவதும் குறைவு. பித்தளையின் ஒலி தணிவாக, சற்று மங்கலாக இருக்கும். விளம்பத்தில் வாசிக்க அது எனக்குப் பிடிக்கும். ஒரே வீணையில் இரண்டையும் மாற்றிக் கட்டிக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

கேஜ் விஷயத்தில் மூன்று குறிப்புகள்:

- கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 28ஆம் கேஜ் சுமார் 0.38 மி.மீ., 30ஆம் கேஜ் சுமார் 0.32 மி.மீ. "கொஞ்சம் தடியாக வேண்டும், 30 கொடுங்கள்" என்று கேட்டு எதிர்மாறாக வாங்கி வருகிறவர்கள் உண்டு. மி.மீ. கணக்கில் கேளுங்கள்.

- சுருதியை இரண்டு மெட்டளவு இறக்கி, இழுவிசை மட்டும் பழையபடி இருக்கவேண்டுமென்றால், கம்பியின் விட்டம் சுமார் 12 சதவீதம் கூடவேண்டும். 0.32 இருந்த இடத்தில் 0.36.

- கமகத்துக்குக் கம்பியை ஒரே மெட்டில் நிறைய இழுத்து வாசிக்கும் பாணி உங்களுடையதென்றால், ஒரு படி மெல்லிய சாரணி. மீட்டு அழுத்தமாக, சுரம் சுரமாக வாசிப்பவருக்கு ஒரு படி தடித்தது. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் பல சுரங்களை இழுத்து வாசித்ததை ஒலிப்பதிவில் கேளுங்கள். கம்பியிடம் என்ன கேட்கலாம் என்பது புரியும்.

மேளம் கட்டுதல்: கூடவே உட்காருங்கள்

தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகில் மெட்டுகளைப் பதிப்பதுதான் மேளம் கட்டுதல். காதால் செய்யும் வேலை. வீணையின் விலை எவ்வளவாக இருந்தாலும் மேளம் பேசாவிட்டால் அது வீணையாகாது. மேளம் கட்டும் நாளைக் கேட்டு அன்று பட்டறையில் இருங்கள். முடிந்தால் ஆசிரியரையும் அழைத்துச் செல்லுங்கள்.

சரிபார்க்கும் வரிசை:

1. ஏழு கம்பிகளையும் உங்கள் கட்டைக்குச் சேர்த்து, சற்று நேரம் விட்டு, மறுபடி சேருங்கள்.

2. சாரணியின் 12ஆம் மெட்டு, திறந்த கம்பியின் மேல் ஸட்ஜம். 24ஆம் மெட்டு அதற்கும் மேல் ஸட்ஜம். இவை இரண்டும் அசையாமல் நிற்கவேண்டும்.

3. 7ஆம் மெட்டில் பஞ்சமம், 5ஆம் மெட்டில் சுத்த மத்திமம். தம்பூரா ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

4. அதே 12ஆம் மெட்டை மற்ற மூன்று கம்பிகளிலும் பாருங்கள். சாரணியில் சேர்ந்து அனுமந்தரத்தில் ஏறி ஒலித்தால், அந்தக் கம்பி மெட்டிலிருந்து அதிக உயரத்தில் இருக்கலாம்.

5. ஒவ்வொரு மெட்டாக மெல்ல இறங்கி வாருங்கள். ஏதாவது ஒன்றில் கம்பி அடுத்த மெட்டில் இடித்துச் சலசலத்தால் சாக்குக்கட்டியால் குறியிடுங்கள்.

அளவுகோலை நம்பிச் சண்டை போடாதீர்கள். குதிரையிலிருந்து கம்பியின் நீளம் 80 செ.மீ. என்றால் 12ஆம் மெட்டு கணக்குப்படி 40இல் வரவேண்டும். ஆனால் விரல் அழுத்தும்போது கம்பி சற்று நீண்டு சுருதி ஏறுகிறது. அதை ஈடுகட்ட மெட்டு யாளிப் பக்கம் மயிரிழை தள்ளி நிற்கும். காது சொன்னதே சரி.

எச்சரிக்கை: மெழுகைச் சூடாக்கி மெட்டை நகர்த்தும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். குங்கிலியம் கலந்த மெழுகு சட்டென்று தீப்பிடிக்கும். கையில் ஒட்டினால் தோலோடு வரும்.

பாலிஷுக்கு முன் ஒருமுறை

"அண்ணே, பாலிஷ் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ கையில குடுங்க" என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவையுங்கள். வெறும் மரமாக இருக்கும்போதுதான் இணைப்பு, வெள்ளை, விரிசல், பிரடைத் துளை எல்லாம் கண்ணில் படும். பிரடை துளையில் முழுச் சுற்றும் உட்கார்ந்து பிடிக்கிறதா என்று திருகிப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரிட் பாலிஷ் போட்டால் காற்றின் ஈரம் ஏறி வெள்ளையாகப் பூத்துவிடும். தை பிறந்தபின் போடச் சொல்லுங்கள்.

அலங்காரம் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும்: யானைத் தந்தமும் மான்கொம்பும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவை குற்றம். தந்த வேலைப்பாடுள்ள பழைய வீணையை யாராவது விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பதிப்பு போதுமானது. நாதத்துக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

எழுதிக் கொடுக்கவேண்டிய சீட்டு

ஒரு தாளில் இவற்றை எழுதி இருவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்: கட்டை, ஒட்டா ஏகாந்தமா, மரம் யாருடையது, தண்டி நீளம், ஏழு கம்பிகளின் உலோகமும் விட்டமும், பிக்கப் உண்டா, அலங்காரம், மேளம் கட்டும் நாள், பாலிஷ் நாள், முதல் மறுமேளம் யார் செலவு. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மரம் எடுக்கும்போது ஒன்று, மேளம் கட்டும்போது ஒன்று, கையில் வாங்கும்போது ஒன்று.

கம்பி மாற்றும் முறை

1. குதிரை ஒட்டி வைத்ததல்ல. கம்பியின் அழுத்தத்தில் நிற்கிறது. அது நிற்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் மெல்லக் கோடிடுங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒரு கம்பி மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தளர்த்தினால் குதிரை நகரும், மேளக்கணக்கு முழுவதும் தப்பும்.

3. பழைய கம்பியை இறுக்கமாக இருக்கும்போது வெட்டாதீர்கள். பிரடையைத் திருப்பித் தளர்த்தியபின் கழற்றுங்கள்.

4. புதுக் கம்பியை நாகபாசத்துப் பக்கம் பிணைத்து, பிரடையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள்.

5. சுருதிக்கு ஏற்றும்போது முகத்தைக் கம்பியின் நேரே கொண்டுபோகாதீர்கள். எஃகுக் கம்பி அறுந்தால் கண்ணுக்குத்தான் வரும். பக்கத்தில் குழந்தைகளை உட்காரவைக்காதீர்கள். மிச்ச நுனியை வளைத்து வெட்டிக் குப்பையில் போடுங்கள். தரையில் கிடந்தால் காலில் ஏறும்.

6. பிரடை வழுக்கினால் சாக்குக்கட்டித் தூள், இறுகிக்கொண்டால் சிறிது உலர்ந்த சோப்பு. எண்ணெய் வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

குடத்தின் அடியில் ஒரு கை, தண்டியில் ஒரு கை. யாளியைப் பிடித்தோ சுரைக்காயைப் பிடித்தோ தூக்காதீர்கள். பஸ்ஸில் வருவதானால் சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றி, வீணையைப் பெட்டியில் வைத்து மடியோடு சேர்த்துக்கொள்ளுங்கள், மேல்தட்டில் ஏற்றவேண்டாம். கார் என்றால் அக்னி நட்சத்திர நாட்களில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அரை மணி நேரத்தில் மெழுகு இளகி மெட்டு புதையும்.

வீட்டில் ஆற்றுப் பக்கத்து ஈரச் சுவரில் சாய்த்து வைக்கவேண்டாம். தண்ணீர் வரத்துக் காலத்தில் குடமுருட்டிக் கரை வீடுகளில் சுவர் நன்றாகவே ஓதம் ஏறும். உள்சுவர் ஓரம், தரையிலிருந்து பலகை மேல், பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டும்.

புது மரம் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்தபின் சற்று அசைந்து அடங்கும். அதன்பிறகு ஒருமுறை பட்டறைக்கு எடுத்துப்போய் மறுமேளம் கட்டுங்கள். முன்பு சாக்குக்கட்டியால் குறித்த மெட்டுகளைக் காட்டுங்கள்; கம்பி விட்டம் எழுதிய சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.